தூள் பின்னால் நிற்பவளுக்கு

ஜனவரி 20, திங்கள்

மர வியாபாரி மிக்கேல் அண்ணாச்சியின் லாரி காலை ஏழு மணிக்கே என் இழைப்புக் கொட்டகை வாசலில் வந்து நின்றது. அறுநூற்று முப்பது பலகை. ஒவ்வொன்றும் ஆறடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம். ஏதோ ஒரு பழைய ஆலையில் தண்ணீரைக் குளிரவைக்கும் கோபுரத்தைப் பிரித்து ஏலம் விட்டார்களாம். இருபது வருஷம் தண்ணீர் கொட்டிய மரம், ஒரு பலகையில்கூட உளுப்பு இல்லை. ஆனால் மேலெல்லாம் பச்சை.

"இது என்ன பச்சை?" என்று கேட்டேன்.

"பாசிம்மா. தண்ணிக்குள்ள கெடந்த மரம்லா. ரெண்டு பக்கமும் ஒரு நூல் கனத்துக்கு இழைச்சிட்டா போயிரும்" என்றார் அண்ணாச்சி.

கன்னியாகுமரியில் கட்டும் ஒரு விடுதிக்குத் தரைப்பலகையாம். மார்ச் பிறப்பதற்குள் வேண்டும். தூத்துக்குடியில் மூன்று மிஷின்காரர்கள் இந்த மரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். கத்தி மழுங்கிவிடும் என்ற பயம்தான், வேறென்ன. அந்த மூவரில் என் கொழுந்தன் கோமதிநாயகமும் ஒருவன் என்று அண்ணாச்சி சொன்னார். உடனே லாரியை உள்ளே விடச் சொன்னேன்.

இழைப்பதற்கு முன் ஒரு சீவலை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே பழகிக்கொண்டது. உப்பேறிய மரமென்றால் நாக்கு சொல்லிவிடும். இதில் உப்பு இல்லை. செம்புக் காசை வாயில் போட்டது போல் லேசாக ஒரு ருசி இருந்தது. துப்பிவிட்டு மிஷினைப் போட்டேன்.

முதல் பலகை வெளியே வந்ததும், பின்னால் நின்று வாங்கும் உலகம்மாள் கத்தினாள். "யக்கா, இங்க வந்து பாருங்க!"

பச்சைக்கு அடியில் மரம் தேன் நிறத்தில் இருந்தது.

ஜனவரி 22, புதன்

இழைப்பு மிஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். முன்னால் நின்று பலகையைத் தள்ளிவிட ஒருவர், பின்னால் நின்று வாங்க ஒருவர். முன்னால் நான், பின்னால் உலகம்மாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். கத்தி சீவுகிற தூள் பூராவும் பின்னால்தான் கொட்டும், அதனால் தூள் பின்னால் நிற்பவருக்கு. எல்லா மிஷினிலும் உள்ள வழக்கம் இது. அவள் கேட்டு எடுப்பதில்லை, நான் எடுத்துக்கொள் என்று சொல்வதும் இல்லை. சாயங்காலம் ஒரு மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவாள்.

அவள் வீட்டில் மரத்தூள் அடுப்பு. தகர டப்பாவில் தூளை அமுக்கி நிறைத்து, நடுவில் ஒரு ஓட்டை விட்டு, அடியில் பற்றவைப்பாள். "மத்த தூளு பொசுக்குனு போயிரும் யக்கா. இது நின்னு எரியுது" என்றாள். பாத்திரம் விளக்க எனக்கும் ஒரு டப்பா சாம்பல் கொண்டுவந்திருந்தாள். சாம்பலில்கூட ஒரு பச்சை. என் பித்தளைக் குத்துப்போணி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. விளமீன் கழுவும்போது இதைத் தொட்டுத் தேய்த்தேன், வழுக்கல் உடனே போனது.

ஜனவரி 27, திங்கள்

கத்தி மாற்றினேன். நூற்று நாற்பது பலகை முடிந்தது.

ஜனவரி 31, வெள்ளி

உலகம்மாளுக்கு மூக்கில் ரத்தம். பனிக்காலத்தில் சிலருக்கு வரும். துண்டைக் கட்டிக்கொள் என்றேன், கட்டிக்கொண்டாள். துண்டுக்கு மேலே இரண்டு கண்ணும் சிவந்து தெரிந்தன.

"என்னக்கா, இந்தத் தூளு மொளகா மாதிரி அடிக்கி?"

"பழைய மரம்னா தூசி இருக்கத்தான் செய்யும். நீ என்ன, புதுசா வேலைக்கு வந்தவளா?"

எனக்கும் விரலிடுக்கில் சொறி. தேங்காய் எண்ணெய் போட்டேன்.

அவள் புருஷன் கொம்பையா நேற்றும் குடித்துவிட்டு வந்து ரகளை செய்தானாம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். மூன்று வேளையும் வெளியில் தின்றுவிட்டு, சத்தம் போட மட்டும் வீட்டுக்கு வருகிறவன். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு தட்டிக்கேட்கவும் ஆள் இல்லை. எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கோமதிநாயகம் வந்தான். பதினான்கு வருஷத்தில் இந்த வாசலில் அவன் நிழல் விழுந்தது இன்றுதான்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே வரவில்லை, நானும் வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே கத்தினான்.

"மைனி! மிஷின ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

நான் அடுத்த பலகையைத் தள்ளினேன்.

"மைனி, இது மருந்து ஏத்துன மரம். பாசி இல்ல. ஏலத்துக்கு நானும் போயிருந்தேன். ஆலைக்காரன் தாளு குடுத்திருக்கான். இழைக்கக் கூடாது, எரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"கத்திக்குப் பயந்து வேண்டாம்னுட்டு இப்ப தாளு காட்ட வந்தியா?"

"கத்தியா? கத்திய எவன் பாத்தான்? நான் சொல்லுறது காதுல விழுதா இல்லையா?"

இன்னொரு பலகை தள்ளினேன்.  அவன் ஒரு தாளை வாசலோரப் பலகை அடுக்கின் மேல் வைத்து, பறக்காமல் செங்கல்லையும் வைத்துவிட்டுப் போனான்.

மிஷினை நிறுத்தியதும் உலகம்மாள் கேட்டாள். பின்னால் நிற்பவளுக்குக் கத்திச் சத்தத்தில் எதுவும் கேட்காது. "கோமதி அண்ணாச்சி என்னக்கா சொல்லிட்டுப் போறாவ?"

"பொறாமை. வேற என்ன?"

தாளைப் படிக்கவில்லை. கண்ணாடி வீட்டில் இருந்தது. தூள் மூட்டையைக் கட்டும்போது அதையும் உள்ளே போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கோமதிநாயகத்தின் பேச்சை ஏன் கேட்க மாட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன். என்னைப் பிடிவாதக்காரி என்று சொல்ல இந்தத் தெருவில் பலர் இருக்கிறார்கள்.

பதினான்கு வருஷத்துக்கு முன், என் வீட்டுக்காரர் இறந்த பதினாறாம் நாள் கோமதிநாயகம் வந்து, பெரிய அறுவை மிஷினைத் தன் மில்லுக்குக் கொண்டுபோனான். இந்த இழைப்பு மிஷினைப் பார்த்து, "மோட்டாரு எரிஞ்சிட்டு மைனி. காயலாங்கடைக்குப் போட்டிருங்க. பொம்பள ஓட்டுற மிஷினா இது?" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மோட்டார் எரியவில்லை. ஒரு ஃபியூஸ் கட்டை இல்லை, அவ்வளவுதான். யாரோ உருவி எடுத்திருந்தார்கள்.

அதன் பிறகு நானே பழகினேன். இடது கை நடுவிரலில் ஒரு கணு போனது. போகட்டும். அன்று மோட்டார் எரிந்துவிட்டது என்றவன் இன்று மரம் விஷம் என்கிறான்.

முந்நூறு பலகை முடிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

உலகம்மாள் வரவில்லை. நேற்றிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்குமாம். ஞாயிற்றுக்கிழமை சந்தை மீன் எப்போதும் இப்படித்தான். சீரகத் தண்ணீர் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வந்துவிட்டாள். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. இன்னொரு நாள் இரு என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கிட்டத்தட்ட பாதிப் பலகை இன்னும் கிடக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

கடைத்தெருவில் நடந்துபோகும்போது பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "ஆச்சி, செருப்பு கழந்து கெடக்கு" என்றாள். திரும்பிப் பார்த்தால் பத்தடிக்கு அப்பால் என் இடது செருப்பு கிடந்தது. நைந்த வார். புதுச் செருப்பு வாங்கினேன், பட்டி வைத்தது.

பலகைக் கனத்தைப் பெருவிரலால் தடவியே சொல்லிவிடுவேன், அளவுகோல் எடுப்பதில்லை. இன்று இரண்டு முறை தப்பாகச் சொல்லிவிட்டேன். சொறிக்குப் போட்ட எண்ணெயின் வழுவழுப்பு.

உலகம்மாள், "பாதம் ரெண்டும் தீயில வச்ச மாதிரி எரியுதுக்கா" என்றாள். மருதாணி அரைத்து வைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 15, சனி

காலை பத்தரை மணி இருக்கும். நான் பலகையைத் தள்ளிவிட்டேன். பின்னால் வாங்க ஆள் இல்லை. பலகை தானாக வெளியே போய்த் தரையில் அடித்துக்கொண்டு விழுந்தது. "ஏட்டி, என்ன பண்ணுத?" என்று கத்தினேன். பதில் இல்லை. சுற்றிப் போய்ப் பார்த்தால் தூளுக்குள் கிடக்கிறாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, உடம்பு வெட்டி வெட்டித் துடித்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தேன். நிற்கவில்லை.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. முடியிலிருந்து தூளைத் தட்டிவிட்டேன். தூளோடு முடியும் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. மிஷினை நிறுத்தாமல் போயிருக்கிறேன். திரும்பி வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

டாக்டர் சின்னப் பெண். இந்தப் பக்கத்துக்காரி இல்லை, பேச்சிலேயே தெரிகிறது.

"வீட்ல எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது வச்சிருந்தாங்களா?"

"எனக்குத் தெரியாது."

"வேலை செய்யற இடத்துல? கெமிக்கல் மாதிரி?"

"மரம்தான்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

வெளியே ஏட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷமாக இருக்கலாமென்று சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களாம். புருஷன் எப்படி என்று கேட்டார்.

"அடிப்பான். 'ஒன்னையத் தொலைச்சாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு போன மாசம் கத்துனான். தெருவே கேட்டுது."

இதுவும் பொய் இல்லை. ஏட்டு எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 19, புதன்

கத்தி மாற்றினேன். முன்னால் நின்று தள்ளி, ஓடிப்போய்ப் பின்னால் நானே வாங்குகிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பலகைதான் ஆகிறது. தூளை மூலையில் குவித்திருக்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

உலகம்மாளின் சிறுநீரைச் சோதித்ததில் ஆர்சனிக் என்று வந்திருக்கிறது. பழைய ஆட்கள் பாஷாணம் என்பார்களே, அதுதான் என்றாள் டாக்டர். உடம்புக்குள் நிறைய இருக்கிறதாம், நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறதாம். பிழைப்பாளா என்று கேட்டேன். "விஷத்தை இழுக்கற ஊசி போடறோம். பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் துறைமுக வாசலிலேயே கொம்பையாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மட்டும் நன்றாக இருக்கிறானே, அது எப்படி என்பதுதான் போலீசின் கேள்வி.

உலகம்மாளுக்குக் குரலே எழும்பவில்லை. "யக்கா, எங்க வீட்டாவ அடிப்பாவ. இப்படிச் செய்ய மாட்டாவ" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? பேசாம கெட" என்றேன்.

தெரு முழுக்க, ஆவுடையம்மாள் அன்றைக்கே சொன்னாள் என்று என்னைப் பற்றித்தான் பேச்சு.

பிப்ரவரி 22, சனி

மிஷின் போடவில்லை. கத்தி மழுங்கிவிட்டது. புதன்கிழமை மாற்றிய கத்திதான். இருந்தாலும் மழுங்கிவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

வார்டிலிருந்து கிளம்பி வாசல்வரை வந்துவிட்டேன். டாக்டர் பின்னாலேயே வந்தாள். கையில் என் செருப்பு. புதுச் செருப்பு, பட்டி வைத்தது.

"கால்ல இல்லைன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"வயசாச்சு."

"அந்தக் கையைக் காட்டுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க அவளப் பாருங்க."

"அம்மா, நீங்க அவங்க வீட்ல சாப்பிடுவீங்களா? அவங்க புருஷன் கையால ஏதாவது வாங்கிச் சாப்பிட்டீங்களா?"

"அவன் கையாலயா? பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

வீட்டுக்கு வந்து ஊசியால் குத்திப் பார்த்தேன். வலது காலில் இரண்டு விரல் தெரியவில்லை. இடது காலில் கணுக்கால்வரை தெரியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

கொம்பையா என் வீட்டுப் படி ஏறியதில்லை. என் சோற்றில் அவன் எதையும் போட்டிருக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே சீக்கு என்றால், இரண்டு பேருக்கும் பொதுவானது எதுவோ அதுதான் காரணம். மிஷினும் தூளும் சாம்பலும்தான் பொது. முன்னால் நின்ற எனக்குக் கொஞ்சம், பின்னால் நின்ற அவளுக்கு நிறைய. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்து, புகையைக் குடித்து, சாம்பலில் சட்டி விளக்கி, மீன் கழுவித் தின்றிருக்கிறாள். சாம்பல் டப்பா என் அடுப்பங்கரையிலும் இருக்கிறது, பாதி தீர்ந்திருக்கிறது.

பிப்ரவரி 4 அன்று, கண்ணாடி வீட்டில் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. படித்தேன். மேலே இங்கிலீஷில் அச்சடித்து, மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. அடியில் கோமதிநாயகம் பேனாவால் தமிழில் எழுதியிருந்தான்: "மைனி, பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்து ஏற்றிய மரம். தூள் மூக்கில் போகக் கூடாது. எரித்தால் புகையும் சாம்பலும் விஷம்." படித்துவிட்டுத்தான் மூட்டைக்குள் போட்டேன். அது அடுப்புக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மோட்டார் எரிந்துவிட்டது என்று சொன்னவனின் கையெழுத்துதானே என்றுதான் நினைத்தேன். அது காரணம்தான். ஆனால் அந்தக் காரணம் என்னுடையது, உலகம்மாள் அதை ஏன் சுமக்க வேண்டும்? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளாகவே முடிவு செய்திருப்பாள்.

பிப்ரவரி 26, புதன்

கோமதிநாயகத்தின் மில்லுக்குப் போனேன். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். பாதி அறுத்த தடி அப்படியே நின்றது. வேலையாட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"உள்ள வாங்க மைனி."

"இங்கேயே நிக்கேன். அந்தத் தாளு வேணும்."

"அன்னைக்கு வச்சிட்டு வந்தேன்லா?"

"அது அடுப்புக்குப் போயிட்டு."

 உள்ளே போய், ஆலையில் கொடுத்த அசல் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். "நானும் வாரேன்" என்று சட்டையைப் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னான்.

"மைனி, மிஷின் சத்தத்துல நான் சொன்னது காதுல விழலன்னு சொல்லிக்கிடுங்க. தாளு பறந்து போயிட்டுன்னு வச்சுக்கிடுங்க. நான் மறுத்துப் பேச மாட்டேன்."

பதினான்கு வருஷத்தில் அவன் எனக்குச் செய்யவந்த முதல் உதவி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ அன்னைக்கு அந்த ஃபியூஸ் கட்டைய உருவாம இருந்திருந்தா, இன்னைக்கு நீ சொன்னத நம்பியிருப்பேன்" என்றேன்.

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். உருவவில்லை என்று சொல்லவில்லை.

ஏட்டுக்கு முதலில் சிரிப்பு. "மரத்தூள்ல பாஷாணமா? ஆச்சி, போன வாரம் புருஷன்தான்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னதும் நான்தான். மாத்திச் சொல்லுறதும் நான்தான். எழுதும்."

"அவன் அடிச்சான்னிய?"

"அடிச்சான். அதையும் வச்சுக்கிடும். அதுக்கு என்ன உண்டோ அதக் குடும். விஷம் அவன் வைக்கல. என் மிஷினு வச்சுது."

தாளைப் படித்த பிறகு ஏட்டின் சிரிப்பு போய்விட்டது. டாக்டருக்குப் போன் போட்டார். கோமதிநாயகம் எப்போது வந்து எச்சரித்தார் என்று என்னிடம் கேட்டார்.

"நடுவுல ஒரு நாளு" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். கோமதிநாயகம் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 3, திங்கள்

சர்க்கார் ஆட்கள் முகமூடி கட்டிக்கொண்டு வந்து என் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பலகை, தூள் எல்லாம் தார்ப்பாய்க்குள். உலகம்மாள் வீட்டு அடுப்பையும் என் சாம்பல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மிக்கேல் அண்ணாச்சியைத் தேடுகிறார்களாம். எங்கே போனாரென்று தெரியவில்லை.

என்னையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். முடியாது என்று சொன்னேன். "அப்ப நடந்து போங்க பார்க்கலாம்" என்றாள் டாக்டர். செருப்பில்லாமல் நாலு எட்டு வைப்பதற்குள் கட்டில் கம்பியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பெண்கள் வார்டில் ஒரே ஒரு கட்டில்தான் காலியாக இருந்தது. உலகம்மாளுக்குப் பக்கத்துக் கட்டில்.

மார்ச் 4, செவ்வாய்

தூளும் சாம்பலும்தான் காரணமென்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டாள்.  உலகம்மாள் என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"ஒங்களுக்கும் தெரியாதுல்லா யக்கா. தெரிஞ்சா நீங்களும் அதுல நிப்பியளா? பாவம், ஒங்க கையும்லா போச்சு."

நான் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

தூளிலும் சாம்பலிலும் ஆர்சனிக் என்று முடிவு வந்து, கொம்பையாவை விட்டுவிட்டார்கள். நேராக வார்டுக்கு வந்தான். இரண்டு வாரத் தாடி. உலகம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தொட்டான்.

"தொடுதது தெரியுதாட்டி?"

"இல்ல."

கொஞ்சம் மேலே தொட்டான். "இப்ப?"

"இல்ல."

முழங்காலுக்குக் கீழே வந்தபோதுதான் தெரிகிறது என்றாள். அவன் அவள் காலைப் போர்வையால் மூடினான். எழுந்து என் கட்டிலுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

"நான் குடிகாரன்தான். கை நீட்டுவேன்தான். எனக்கு நடந்தத விடுங்க" என்றான். "கோமதி அண்ணாச்சி முன்னக்கூட்டியே வந்து சொன்னாவன்னு ஸ்டேஷன்ல எழுதியிருக்கு. அத மட்டும் அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. ஒங்க மேல அவ்வளவு இது அவளுக்கு."

போய்விட்டான். உலகம்மாள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

ஊசி. வாந்தி. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் டாக்டர் வந்து போனாள். உலகம்மாளுக்கு உயிருக்குப் பயமில்லையாம். கால் வரும், வராமலும் போகலாம், மாசக்கணக்கு ஆகும். பலகை தூக்கும் வேலை இனி இல்லை.

டாக்டர் போனதும் உலகம்மாள் உத்தரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"யக்கா, அன்னைக்குக் கோமதி அண்ணாச்சி வாசல்ல நின்னு கத்துனாவளே, அது இதுக்குத்தானா?"

"ஆமா."

"மிஷின் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கலையா?"

கோமதிநாயகம் கொடுத்த வழியை இவளும் எனக்குத் திறந்துவிடுகிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள்.

"கேட்டுது. தாளும் வச்சிட்டுப் போனான். படிச்சேன்."

அவள் தலை என் பக்கம் திரும்பியது.

"படிச்சிட்டா எங்கிட்ட பொறாமைன்னிய?"

"ஆமா."

மத்தியானக் கஞ்சி வந்தது. அவள் தொடவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, என்னை வேறு கட்டிலுக்கு மாற்றும்படிக் கேட்டாள். வேறு கட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டது. உலகம்மாள் சுவர் பக்கம் திரும்ப முயன்றாள், உடம்பு ஒத்துழைக்கவில்லை. நான் எழுந்து போய்த் திருப்பிவிட்டிருக்கலாம். என் கை படுவதை அவள் விரும்பமாட்டாள் என்று உட்கார்ந்திருந்தேன். அவளாகவே கட்டில் கம்பியை முழங்கையால் பிடித்து, மெல்ல மெல்ல, கால் மணி நேரத்தில் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம்வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு டீ கொண்டுவந்தார்கள். அதையும் வேண்டாமென்றுவிட்டாள். பிறகு சுவரோடு பேசுவது போல் மெதுவாக ஆரம்பித்தாள்.

"புதன், வியாழன், வெள்ளி, சனி." நிறுத்தினாள். "திங்கக்கிழமை நான் வரல. செவ்வா, புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை விழுந்துட்டேன்."

மடக்க முடியாத விரல்களைப் போர்வை மேல் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எட்டு மூட்டை தூளு" என்றாள்.

"ஒம்பது" என்றேன். "அவன் வந்து சொல்லிட்டுப் போன அன்னைக்கும் கொண்டுபோனே. நான்தான் தூக்கிவிட்டேன்."

அவள் இன்னொரு விரலை அழுத்தினாள்.